ஒரே ஒரு வாக்கு வாங்கியவர் ஓட்டிய லிஃப்ட்

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கும் நேரத்தில் "ஊருக்கா? லீவா?" என்று விசாரித்தார். "வீடு விற்கப் போகிறேன்" என்றேன். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு தலைக்கு மேலிருந்த பெட்டியைத் தேட எழுந்துவிட்டார். சென்னையில் வீடு வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் என் போன் எண்ணையே கேட்டிருப்பார்.

பதினாறு வருடமாக நான் அயர்லாந்தில் கார்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். என் அக்கா எஸ்தரும் அத்தான் தேவசகாயமும் இருப்பது அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சி பிளாக்கில், மூன்றாவது மாடியில். அந்த வீட்டுப் பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. விற்பதென்றால் நான் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வாங்குகிறவர்கள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த விடுமுறை பதினோரு நாள்.

விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார் ஓட்டுநர் போனில் பேசும் பெண் சொன்னபடியே திரும்பித் திரும்பி, கடைசியில் ஒரு தண்ணீர் லாரியின் மூக்குக்கு நேராக வண்டியை நிறுத்தினார். சந்து அங்கேயே முடிந்துவிட்டது. "இந்தப் பொண்ணு பேச்சக் கேட்டுக்கினு வந்தா இப்டித்தான் மேடம் ஆவும். மேனாம்பேடுன்னா எனுக்குத் தெரியாதா இன்னா?" என்றார். தெரிந்தவர் ஏன் அவள் பேச்சைக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. லாரிக்காரரும் அவரும் ஒருவரையொருவர் "நைனா, நீ ரிவர்ஸ் எடு" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டதில் இருபது நிமிடம் போனது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய காகிதமே மஞ்சளாகிப் போயிருந்தது. ஒன்பது மாதம். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து அத்தானுக்கு இடது காலும் கையும் போய்விட்டன. சக்கர நாற்காலிதான். லிஃப்ட் நின்ற பிறகு அவர் கீழே போனது இரண்டே முறை. இரண்டும் ஆஸ்பத்திரிக்கு, நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு. "திருவிழாவுல சுரூபம் தூக்குற மாதிரி தூக்கினானுங்க. ஒருத்தன் வழியில கைமாத்துறேன்னு படியில வச்சான் பாரு, அப்பவே பரலோகம் தெரிஞ்சது" என்றார். அதோடு, இனி செத்தால்தான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டாராம். அதனால்தான் விற்பனை.

அக்கா இட்லியும் வடகறியும் வைத்தாள். அத்தான் பால்கனியில் இருந்தபடி கீழே போகிறவர்களின் உச்சந்தலையை மட்டும் பார்த்து யாரென்று சொன்னார். ஒன்பது மாதப் பயிற்சி. "அதோ சபாபதி. செயலாளர். நடுவுல வட்டம் பெருசாயிட்டே வருது பாரு." குரலில் கேலி இருந்தது. நான் வடகறித் தட்டை ஓரமாக வைத்தேன்.

லிஃப்ட்டை ஏன் சரிசெய்யவில்லை என்றால் அதற்கு அக்கா சொன்ன காரணம் ஒரு கணக்கு. அவள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மொத்தம் அறுபது வீடு. ஏ பிளாக்கில் முப்பத்திரண்டு, பி பிளாக்கில் பதினாறு, சி பிளாக்கில் பன்னிரண்டு. நிர்வாகக் குழுவுக்கு வருடா வருடம் ஐந்து பேர். வீட்டுக்கு ஒரு சீட்டு, சீட்டில் ஐந்து பேருக்கு டிக் போடலாம். தேர்தலன்று காலையில் ஏ பிளாக்கின் ஒவ்வொரு வீட்டுப் பால் பாக்கெட்டோடும் ஐந்து பெயர் கொண்ட பட்டியல் வந்துவிடும். ஏ பிளாக் அதைப் பார்த்து டிக் போடும். பி, சி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால்கூட இருபத்தெட்டுதான். ஆக ஐந்து இடமும் ஏ பிளாக்குக்கு, ஏழு வருடமாக.

"யாரும் ஏமாத்தல. ஒழுங்கா எண்ணுறாங்க. ஒழுங்கா தோக்குறோம்" என்றாள் அக்கா.

ஏழு வருடத்தில் ஏ பிளாக்குக்கு இரண்டு முறை வெள்ளை அடித்தாகிவிட்டது. வாசலில் வளைவு கட்டி அதில் விளக்குப் போட்டாகிவிட்டது. சி பிளாக் லிஃப்ட் மட்டும் 'பரிசீலனையில்' இருந்தது.

மறுநாள் மாலை கார் நிறுத்துமிடத்தில் பொதுக்குழுக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்கில் டீ, தாளில் சுற்றிய மெதுவடை. தேர்தல் வரும் ஞாயிறு. நான் வீட்டுக்காரி என்ற உரிமையில் எழுந்து, எங்கள் ஊரில் இப்படி இல்லை என்று ஆரம்பித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவள் 'எங்கள் ஊரில்' என்று ஆரம்பித்தால் இங்கே எல்லாரும் வடையைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பதை மறந்திருந்தேன்.

அயர்லாந்தில் ஒரு தொகுதிக்கே பல பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். வாக்குச்சீட்டில் பிடித்தவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எண் எழுத வேண்டும். முதல் ஆளுக்கு வேண்டிய அளவு வாக்கு சேர்ந்துவிட்டால் மிச்சம் இரண்டாவது ஆளுக்குப் போகும். குடியுரிமை இல்லாதபோதே உள்ளாட்சித் தேர்தலில் நானும் அப்படி எண் எழுதியிருக்கிறேன். எண்ணி முடிக்க நாள்கணக்கில் ஆகும். ஆனால் சின்னக் கூட்டத்துக்கும் ஒரு நாற்காலி கிடைத்துவிடும்.

சபாபதி பொறுமையாகக் கேட்டார். பெரிய தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. "சிஸ்டர், ரேங்க் போட நாங்க என்ன பள்ளிக்கூடமா நடத்துறோம்?" என்றார். நர்ஸ் என்பதால் நான் அவருக்கு சிஸ்டர். கூட்டம் சிரித்தது.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் குறும்பும் கூடவே வரும்.

"சரி சார், ரேங்க் வேண்டாம். வீட்டுக்கு ஒரே ஒரு டிக். அதிகம் வாங்குற அஞ்சு பேர் குழு. இப்ப பட்டியல்ல இருக்கற அஞ்சு பேருக்கும் முப்பத்திரண்டு முப்பத்திரண்டுன்னு விழுது. அதுல உங்களுக்காக விழுந்தது எத்தனை, பட்டியலுக்காக விழுந்தது எத்தனைன்னு யாருக்குமே தெரியாதே? உங்க தனிச் செல்வாக்கு தெரிய வேண்டாமா?"

சபாபதி டீ கப்பைக் கீழே வைத்தார். "ஒரு வீடு, ஒரு வாக்கு. கேக்கவே நியாயமாத்தான் இருக்கு" என்றார். அவர் கை தூக்கியதும் ஏ பிளாக் தூக்கியது. தீர்மானம் நிறைவேறியது. இது இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு வீடும் ஒருவருக்கே போட்டால் சி பிளாக்குக்கு ஒரு இடம் நிச்சயம் என்று அக்கா வீட்டுக்கு வருவதற்குள் படியிலேயே கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். வேட்பாளர் அவளேதான்.

வியாழக்கிழமை ஆவடிக்குப் போனேன். தேர்தலில் தோற்றால் வீட்டை விற்றுவிட்டுக் குடிபோகக் கோவில்பதாகையில் தரைத்தள வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தார்கள். அம்பத்தூரில் ரயில் ஏறினேன். நெரிசலில் என் கைப்பை ஒரு தெலுங்குத் தம்பதிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. "இந்தம்மா இறங்குவாளா, நம்மோடயே வந்துவிடுவாளா?" என்று கணவர் மனைவியிடம் தெலுங்கில் கேட்டார். நான் அவர்களோடேதான் போனேன். ஆவடியில் வாசலை எட்டுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அது விரைவு வண்டி. அடுத்து நின்றது திருநின்றவூரில். நடைமேடைக்கு வெளியே சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அயர்லாந்தில் ரயில் தவறினால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். இங்கே சுண்டல் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அந்த ஒரு விஷயத்தில் நம் ஊரை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது.

கோவில்பதாகை வீட்டுக்கு வாசலில் மூன்று படி. குளியலறைக் கதவு சக்கர நாற்காலியைவிடக் குறுகல். வீட்டுக்காரர் "பெரியவரைக் கொஞ்சம் சைடா தூக்கிக்கிட்டுப் போனீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். மிச்சத்தைக் கேட்காமல் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை சபாபதி மாங்காடு கோயிலுக்குப் போய் வந்து, குங்குமமும் சர்க்கரைப் பொங்கலுமாக வாக்குக் கேட்டு மூன்று பிளாக்கும் படி ஏறினார். நாங்கள் வேதக்காரர்கள் என்று தெரிந்தும் எங்கள் வீட்டுக்கும் வந்தார். மூச்சு வாங்கியது. அத்தானைப் பார்த்து, "சார், காலைல உங்களோட நடக்காம எனக்குச் சக்கரை ஏறிடுச்சு" என்றார். பக்கவாதத்துக்கு முன் இரண்டு பேரும் தினமும் சேர்ந்து நடப்பார்களாம். "அப்ப லிஃப்ட்டைப் போடுங்களேன்" என்றார் அத்தான். "பரிசீலனைல இருக்கு சார்." அக்கா குங்குமத்தை மரியாதையாக வாங்கிக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்தாள். பொங்கலை நான் சாப்பிட்டேன். நல்ல பொங்கல்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் தேர்தல். ஐம்பத்து நாலு வீடு வந்திருந்தது. நின்றவர்கள் எட்டுப் பேர்: ஏ பிளாக்கில் ஐந்து, பி பிளாக்கில் இரண்டு, எங்கள் அக்கா. பிஸ்கட் டப்பாவில் சீட்டு விழுந்தது. எண்ணியது இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனிப் பெண். அவள் படிக்கப் படிக்க முதலில் கைதட்டிய ஏ பிளாக் வரவர அமைதியானது.

சபாபதி இருபத்தெட்டு. அக்கா பதினொன்று. பி பிளாக் ஆட்கள் இருவரும் எட்டும் ஆறும். ஏ பிளாக்கின் மற்ற நாலு பேரில் மூன்று பேருக்குச் சுழியம். நாலாவது ஆள் குமரேசன், ஒன்று.

அதாவது ஏ பிளாக் மொத்தமும் தன் ஒற்றை டிக்கைச் சபாபதிக்கே போட்டுவிட்டது. சுழியம் வாங்கிய மூவரும்கூடத் தங்கள் சீட்டைத் தங்களுக்குப் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டு அவருக்கே போட்டிருந்தார்கள். வாக்கைப் பிரித்துப் போடுங்கள் என்று சொல்ல அவர் நினைத்தாராம். ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் "எங்க ஓட்டு உங்களுக்குத்தான் சார்" என்றபோது, "வேண்டாம், எனக்குப் போடாதீங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வந்திருக்காது.

ஐந்தாவது இடம் குமரேசனுக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பிறந்து வளர்ந்தது இதே மேனாம்பேடு. ஒரே ஒரு வாக்கா என்று எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"இன்னா பாக்குறீங்க? எனுக்கு நானே போட்டுக்கினேன். நிக்கிறவன் தனக்கே போடலன்னா அப்பால எதுக்கு நிக்கணும்?" என்றார்.

அவர் வந்து உட்கார்ந்தார்.

செயலாளரை ஐந்து பேரும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். இடைவேளையில் குமரேசன் எங்களைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுக்கினார். "டீச்சரம்மா, ஒங்க லிஃப்ட் மோட்டார் பொகஞ்சி பூட்சி, அவ்ளோதான். நான் கயட்டினு போயி காயில் கட்டித் தர்றேன். லிஃப்ட் கம்பெனிக்காரனும் வந்து பாத்துக்கட்டும். பி பிளாக்குக்குத் தண்ணி மோட்டாரு. அதுவும் என் வேலைதான். ஆனா என்னைச் செயலாளராக்கணும். ஏழு வருசமா பட்டியல்ல கடைசிப் பேரா போட்டு என்னை உக்கார வச்சிகினு, ஒரு வார்த்தை பேச உடல அந்த மன்ஷன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தொட்டியைப் பார்த்தேன்.

நாலுக்கு ஒன்று. ஒரு வாக்கு வாங்கியவர் செயலாளரானார். இருபத்தெட்டு வாங்கியவர் உறுப்பினரானார். மாடியில் அத்தான் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சி பிளாக்குல பன்னெண்டு வீடும் போட்டுச்சே, எஸ்தருக்கு எப்படிப் பதினொண்ணு?" என்று கேட்டார். அக்கா வெங்காயம் நறுக்கப் போனாள். விடாமல் கேட்டபோது, "அந்த மனுஷன் மூணு மாடி ஏறி வந்து கேட்டுட்டாரு. இல்லைன்னு எப்படிச் சொல்ல?" என்றாள். தன் வாக்கை அவருக்கே போட்டிருக்கிறாள். எனக்கு அவளை அடிக்கலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

குமரேசன் சொன்னபடி செய்தார். செவ்வாய்க்கிழமை மோட்டார் இறங்கியது. புதன்கிழமை அவர் பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். பூந்தமல்லியிலிருந்து பிரியாணி வரவழைத்து, செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார வைத்துப் போட்டார். "இன்னும் ரெண்டு வாய் துன்னு யக்கா, ஒங்க ஊர்ல இதெல்லாம் கீதா?" என்றார். இல்லை என்று ஒத்துக்கொண்டேன். வியாழக்கிழமை மாலை லிஃப்ட் ஓடியது. லிஃப்ட் கம்பெனி ஆளும் ஏறி இறங்கிப் பார்த்துச் சரி என்றார். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை அத்தான் தன் வலது கையால் கிழித்தார். கீழே போய்த் தரையில் நாற்காலி உருண்டதும் அவர் கொஞ்ச நேரம் சக்கரத்தை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் அழுதேன். வீட்டை வாங்க வருவதாக இருந்தவர்களுக்கு அக்கா அங்கிருந்தே போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னாள்.

சபாபதி வளைவுக்குக் கீழே தனியாக நின்றிருந்தார். நான் போனேன். "முப்பத்திரண்டு வீடு சிஸ்டர். குழுவுல எங்க பேச்சு எடுபடல. எதைக் கேட்டாலும் பரிசீலனைங்கிறான் குமரேசன்" என்றார். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. ஏழு வருடமாக என் அக்காவின் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அந்த ரேங்க் முறைல என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை வாங்கி, டைரித் தாளில் போட்டுக் காட்டினேன். ஐம்பத்து நாலு வாக்கில் ஒருவர் ஜெயிக்கப் பத்து போதும். அவருடைய இருபத்தெட்டில் மிச்சம் பதினெட்டு, அவரவர் எழுதிய இரண்டாவது, மூன்றாவது ஆளுக்குப் போயிருக்கும். ஏ பிளாக்குக்கு மூன்று இடம், பி பிளாக்குக்கு ஒன்று, சி பிளாக்குக்கு ஒன்று. வீடுகளின் கணக்குக்கு ஏறக்குறைய பொருந்துகிறது.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் சார். பள்ளிக்கூடமா நடத்துறோம்னு கேட்டீங்க."

தாளை மடித்து வைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த நியாயமான குழுவில் அக்கா மூன்று பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பாள். குமரேசன் குழுவிலேயே இருந்திருக்க மாட்டார். லிஃப்ட் இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருந்திருக்கும். இதை நினைத்தபடியே வெள்ளிக்கிழமை விமானம் ஏறினேன். யோசித்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. நடுவில் கொடுத்த உப்பில்லாத உருளைக்கிழங்கு, வீடு நெருங்குகிறது என்று சொன்னது.

கார்க்கில் மழை. பத்து நாள் கழித்து அக்கா அழைத்தாள். அடுத்த தேர்தலுக்கு ரேங்க் முறை வேண்டும் என்று சபாபதி குழுவில் தீர்மானம் கொண்டுவந்தாராம். பி பிளாக்கில் எட்டு வாங்கியவர் ஆதரவு, ஆறு வாங்கியவர் எதிர்ப்பு. குமரேசன் எதிர்ப்பு என்று சொல்லவே வேண்டாம். கடைசியில் அக்காவின் கைதான் மிச்சம்.

"எதிர்த்துட்டேன்டி ரூபி. மூணுக்கு ரெண்டு, தோத்துப்போச்சு."

"அக்கா, ரேங்க் முறைலயும் நீ ஜெயிச்சிருப்பியே?"

"நான் ஜெயிப்பேன். லிஃப்ட் ஜெயிக்காது. பராமரிப்பு ஒப்பந்தத்தைக் குழுதான் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். மெஜாரிட்டி அங்க போனா நான் யாரை நம்புறது?"

நியாயம் பேசப் பதினாறு வருடப் பாடம் என்னிடம் இருந்தது. ஆனால் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. சரி, அத்தானிடம் போனைக் கொடு என்றேன்.

"வீட்டுல எங்க இருக்கார் அவர்?" அக்காவின் குரல் ஏறியது. "காலைல டிபன் முடிச்சதும் லிஃப்ட்டுல இறங்கிட்டார். சபாபதி சார் நாற்காலியைத் தள்ள, ரெண்டு பேருமா வீடு வீடா போய் பொதுக்குழுவுல வைக்க ரேங்க் முறைக்குக் கையெழுத்து வாங்கிட்டிருக்காங்க. மதியச் சாப்பாட்டுக்குக்கூட இன்னும் மேல வரல."